அவர் பெயரைச் சொல்லிக் கலிங்கை அடைக்காதீர்கள்

குட்டைக் கரையில் நினைவு நடைபாதைக்கு ஒப்புதல் கொடுத்த ஊராட்சி, ஒன்றிய அலுவலர்களுக்கு.

ஐயா, அம்மா,

அவிநாசி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் குட்டையை 19 வருடம் பார்த்துக்கொண்ட மனிதர் போன மார்கழியில் காலமானார். அவர் நினைவாகக் கரையின் மேல் கான்கிரீட் நடைபாதை, இரு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி, நுழைவில் பெயர் எழுதிய வளைவு என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சித்திரையில் வேலையும் தொடங்கிவிட்டது. நடைபாதை ஒரே மட்டமாகப் போக வேண்டும் என்பதற்காக குட்டை நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் 20 அடி அகலக் கலிங்கை அடைத்துவிட்டு, ஒன்றரை அடி விட்டத்தில் இரண்டு சிமெண்ட் குழாய் பதிக்கப்போவதாக வரைபடத்தில் இருக்கிறது. கரையின் தலையை ஓரடி சீவி மட்டப்படுத்தும் வேலை பாதி முடிந்திருக்கிறது. அவர் பெயரில் இது நடப்பதை எங்களால் ஏற்க முடியாது. அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் இதைச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

முதலில் கலிங்கு. எங்கள் குட்டை 11 ஏக்கர். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளம் ஏறக்குறைய 300 ஏக்கர் காட்டுத் தண்ணீரை இழுத்து வருகிறது. ஐப்பசியில் மணிக்கு ஓரங்குலம் வீதம் கொட்டுகிறது என்று வையுங்கள். நிலம் குடித்தது போக ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே நொடிக்கு 60 கன அடி. 20 அடிக் கலிங்கில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் கிட்டத்தட்ட அதே அளவுதான் வெளியேறும். கலிங்கைக் கட்டிய பழையவர்கள் கணக்கில்லாமல் 20 அடி வைக்கவில்லை. நீங்கள் பதிக்கப்போகும் இரண்டு குழாயும் சேர்ந்து அதே உயரத்தில் 17 கன அடிக்கு மேல் தள்ளாது. மிச்சம் 43 கன அடி குட்டையிலேயே நிற்கும். 11 ஏக்கர் பரப்பில் அது மணிக்கு நாலங்குலம் ஏற்றும். மூன்று நான்கு மணி நேரம் அப்படிப் பெய்தால் ஓரடி. முன்பு கலிங்கு மட்டத்துக்கு மேல் மூன்றடி கரை இருந்தது. ஓரடி சீவிவிட்டதால் இப்போது இரண்டடி. குழாய்க்குள் தண்ணீர் அழுத்தமாகப் போவதற்கே அதில் ஓரடி ஏறி நிற்க வேண்டும். ஒரே ராத்திரி மழை போதும், கரை மேல் வழியும்.

இதுவும் குழாய் சுத்தமாக இருந்தால்தான். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வரும்போது அகலக் கலிங்கு அதைத் தானாக வெளியே தள்ளிவிடும். ஒன்றரை அடிக் குழாயின் வாயில் அது போய்ச் சொருகிக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பளவு இழுப்பில் இறங்கி யார் எடுப்பது?

மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் முதலில் வெளிச்சரிவின் அடியைத்தான் அறுக்கும். மேலே கான்கிரீட் இருந்தால் கரை காப்பாற்றப்படும் என்று உங்கள் பொறியாளர் சொன்னதாக அறிந்தோம். நடப்பது வேறு. பலகை அப்படியே நிற்கும், அதன் அடியில் மண் கரைந்து பொந்தாகும், பலகை முறிந்து விழும்வரை யாருக்கும் தெரியாது. வெறும் மண்ணாக இருந்தால் விரிசல் விட்டவுடனே கண்ணில் படும். கரைக்குக் கீழே இருக்கும் தெருவில் 40 வீடுகள் இருக்கின்றன. அவர் வீடும் அதில் ஒன்று.

அவர் செய்த வேலை என்னவென்று உங்கள் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘சமூக ஆர்வலர்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஆகையால் எழுதுகிறோம். இதை விட்டுவிட்டு வளைவு வைத்தால் ஊருக்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

பள்ளத்தில் இருந்து தொடங்க வேண்டும். குட்டைக்கு வரும் பள்ளம் 1.8 கிலோமீட்டர், அடி அகலம் ஆறடி, நடுவில் இரண்டு சிறுபாலம். வருடத்துக்கு இரண்டு தடவை அவர் அதைத் தூர்வாரினார். ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஒன்று, புரட்டாசி பிறப்பதற்குள் இன்னொன்று. புரட்டாசிக்குப் பிறகு இறங்கினால் மண் ஈரமாகிவிடும், எடுத்து மேலே போட்ட மண்ணே அடுத்த மழைக்குத் திரும்பப் பள்ளத்துக்குள் வந்துவிடும். எடுத்த மண்ணை ஓரத்திலேயே குவிக்க விடமாட்டார். குறைந்தது ஐந்தடி தள்ளிப் போட வேண்டும்.

சிறுபாலத்தை அடைப்பது எங்கள் பக்கத்தில் மூன்று சாமான்: தென்னை மட்டை, பனியன் வெட்டுத் துண்டு, பாலித்தீன் பை. மட்டை குறுக்கே விழும், அதில் துணி சுற்றிக்கொள்ளும், பை வந்து மூடியாகிவிடும். இதற்காகப் பழைய இரும்புக் கம்பியில் சல்லடை அடித்து இரண்டு பாலத்தின் முகத்திலும் வைத்தார். கம்பிக்குக் கம்பி அரையடி இடைவெளி. நேராக நிறுத்தாமல் சாய்த்து வைத்தார். நேராக நின்றால் குப்பை முகத்தில் அப்பிக்கொள்ளும். சாய்ந்திருந்தால் தண்ணீர் ஏற ஏறக் குப்பை கம்பி மேல் ஏறும், அடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மழை விட்ட பிறகு வாரியால் இழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது நடைபாதைக்கு ஜல்லி இறக்க வந்த டிப்பர் ஏறி ஒரு சல்லடை நசுங்கிக் கிடக்கிறது.

பள்ளம் குட்டைக்குள் நுழையும் இடத்தில் 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி. வேகமாக வந்த தண்ணீர் அதில் விழுந்து வேகம் குறைந்தால் மணல் அடியில் தங்கும். நிறைந்தால் 384 கன அடி, அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பருவத்தில் இரண்டு தடவை அதைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதே எட்டு யூனிட் மண் வருடா வருடம் குட்டை வயிற்றில் போய் உட்காரும். அங்கிருந்து அதை எடுக்கப் பொக்லைனும் டிப்பரும் அனுமதிக் கடிதமும் வேண்டும். குழியில் எடுப்பதற்கு நாலு ஆளும் ஒரு டிராக்டரும் போதும்.

குழிக்கு அடுத்தாற்போல் பலகை மடை. இரண்டு பக்கத்துக் கல்லிலும் காடி வெட்டி, நாலு பலகை இறக்கினால் தண்ணீர் குட்டைக்குள் போகாமல் பக்கத்துப் பள்ளத்தில் திரும்பிவிடும். முதல் மழைத் தண்ணீர் ரோட்டு எண்ணெய், சாக்கடை, கோழிப்பண்ணைக் கழிவு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரும். அதை உள்ளே விட்டால், அழுகும் கழிவு தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். ஆகவே முதல் அரைமணி, சில சமயம் முக்கால் மணி நேரம் பலகை இறங்கியே இருக்கும். நுரை அடங்கியதும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்ப்பார். நாற்றம் இல்லாமல் மண் மட்டும் படிந்தால் பலகையை மேலே இருந்து ஒன்றொன்றாக எடுப்பார். நாலையும் ஒரே சமயத்தில் எடுத்தால் குழியில் தங்கிய மண் கிளம்பிவிடும்.

பலகையும் மதகின் திருகுக் கைப்பிடியும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். அவர் இறந்த மூன்றாம் வாரம் அவற்றை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பூட்டிவைத்தீர்கள். வைகாசிக் கோடை மழை ஒரு சனிக்கிழமை ராத்திரி பெய்தது. திங்கட்கிழமை காலையில்தான் அலுவலகம் திறந்தது. அதற்குள் முதல் தண்ணீர் முழுக்கக் குட்டைக்குள் போய், செவ்வாய்க்கிழமை ஜிலேபிக் கெண்டை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஓரம் ஒதுங்கியது. 19 வருடத்தில் ஒரு தடவையும் நடக்காதது அது.

கரைக்கு வருகிறோம். தண்ணீர் பாதிக்கு மேல் ஏறினால் தினமும் கரையின் வெளிப்பக்கக் காலடியில் நடந்து பார்க்க வேண்டும், மேலே நடந்து பயனில்லை. ஈரம் கண்ட இடத்தில் கையால் தொட்டுப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கல் தண்ணீர் வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அன்றே பார்த்தாக வேண்டும். நண்டு வளையும் எலி வளையும்தான் பெரும்பாலும் காரணம். வளையின் வாயில் கல்லையும் மணலையும் திணிப்பது பலர் செய்யும் தப்பு, தண்ணீர் அதன் வழியே இன்னும் சுகமாகப் போகும். தண்ணீர் இறங்கிய பிறகு வளை போகும் திசையில் இரண்டடி தோண்டி, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. தண்ணீர் நிற்கும்போதே வளை கண்டால் உட்பக்கத்தில் மண்மூட்டை இறக்குவார், வெளிப்பக்கத்தை அடைக்க மாட்டார். வெளியே அடைத்தால் தண்ணீர் கரைக்குள் தேங்கி இன்னொரு வழி தேடும். கான்கிரீட் போட்டுவிட்டால் கரை மேல் இருக்கும் வளை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சீமைக்கருவேலத்தைக் குட்டை வயிற்றில் வேரோடு பிடுங்கினார். கரை மேல் இருப்பதைப் பிடுங்க ஒப்பவே மாட்டார். பொக்லைன் கொக்கி போட்டு இழுத்தால் மரத்தோடு கரையும் பிளந்து வரும். அதை மண்ணுக்கு ஓரடி கீழே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்காது. தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். உங்கள் ஒப்பந்தக்காரர் நாலு மரத்தை இழுத்துப் பிடுங்கிய இடத்தில் நாலு குழி இருக்கிறது. ஜல்லி கொட்டி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் நின்றால் அந்த நாலு இடமும் ஒழுகும்.

ஒப்பந்தக்காரர் புல் என்று நினைத்து வழித்தெறிந்தவை பனை வடலிகள். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, வெளிச்சரிவின் கால் ஓரத்தில் ஓரடிக் குழியில், எட்டடிக்கு ஒன்றாகப் போட்டிருந்தார். பனங்கொட்டை முதலில் கீழே கிழங்கு இறக்கும். அதன் பிறகுதான் ஒற்றை ஓலை தலை காட்டும். அடிமரம் தெரியவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை பார்ப்பவருக்கு முரட்டுப் புல்தான். பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசே அறிவித்தது. கரை ஓரம் ஒரு வரிசை முழுக்கப் போய்விட்டது.

வண்டல் மண் விஷயத்தில் அவருக்கும் பலருக்கும் மனத்தாங்கல் இருந்ததும் உண்மை. விவசாயி தன் நிலத்துக்கு இலவசமாக வண்டல் எடுக்க, ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. 90 கன மீட்டர் என்பது 32 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஒரு வண்டி விடமாட்டார். கரையின் காலில் இருந்து 20 அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார், கோட்டுக்கு உள்ளே மண்வெட்டி படக் கூடாது. ஆழம் மூன்றடி. அதற்கு முன்பே சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புப் பாறை, தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். மேலே இருக்கும் களிமண் போய்விட்டால் குட்டை தண்ணீரைப் பிடித்து வைக்காது. சொந்த மச்சானின் டிராக்டரையும் கோட்டில் நிறுத்தினவர் அவர். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு மச்சானே புரட்டாசித் தூர்வாரலுக்கு டிராக்டர் கொண்டுவந்தார்.

அவர் விசைத்தறி ஓட்டினவர். ராத்திரி ஷிப்ட் முடித்து, நாலு எருமையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுக் கரைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஊர்வேலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடியும். ஒன்பதுக்கு மேல் ஒரு கூடை மண் மிச்சம் இருந்தாலும் மண்வெட்டியைக் கழுவிவிடுவார். ஒன்பதரைக்கு வீட்டில் அவர் அம்மாவைக் குளிப்பாட்டும் நேரம். பக்கவாதம் வந்து எட்டு வருடம் படுக்கையில் இருந்த அந்த அம்மாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் மனைவி, ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளில் இவர் என்று முறை வைத்திருந்தார்கள். மழை ராத்திரியில் பலகை இறக்கப் போகும்போது அந்த முறையைப் பெரிய மகள் எடுத்துக்கொள்ளும். குட்டை நிறைந்த கணக்கில் அந்தக் குடும்பத்தின் தூக்கமும் இருக்கிறது. வீட்டில் உலை ஏற்றாமல் ஊர்வேலைக்கு யாரும் காசு போடக் கூடாது என்பதும் அவர் வைத்த விதி. டீசல் செலவு, பொக்லைன் வாடகை, வந்த பணம், மிச்சம் எல்லாம் மாரியம்மன் கோயில் சுவரில் இருக்கும் கரும்பலகையில் மாதா மாதம் எழுதப்படும். அந்தப் பலகை இன்றும் இருக்கிறது. கடைசி இருப்பு 2,140 ரூபாய் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

அத்திக்கடவு – அவிநாசித் தண்ணீர் வந்துவிட்ட பிறகு பள்ளம் எதற்கு என்று ஒரு கேள்வி கூட்டத்தில் கேட்கப்பட்டது. 60 வருடத்துக்கு மேல் கேட்டு வாங்கிய திட்டம், 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அது பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் 1.5 டிஎம்சி தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. சராசரி பார்த்தால் ஒரு குட்டைக்கு 14 லட்சம் கன அடி. எங்கள் 11 ஏக்கரில் பரப்பினால் மூன்றடி உயரம். பவானியில் உபரி இல்லாத வருடம் அதுவும் இல்லை. பள்ளத்துத் தண்ணீர் எங்கள் காட்டில் பெய்த மழை. ஒன்று வந்ததால் இன்னொன்றை அடைப்பது வரவை இரண்டாக வைத்திருப்பவன் ஒன்றைத் தானே வெட்டிக்கொள்வது போல. தவிர, குழாயில் வரும் தண்ணீரும் இதே கரைக்குள்தான் நிற்க வேண்டும்.

காலிங்கராயன் 1283-இல் முடித்த வாய்க்கால் இன்றும் ஈரோட்டுச் சீமையில் ஓடுகிறது. தை 5-ஆம் தேதி விவசாயிகள் அவரை நினைத்துக் கும்பிடுகிறார்கள். தன் சொந்த பந்தம் பயனடையத்தான் வெட்டினார் என்ற பேச்சு வரக் கூடாதென்று அவர் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குப் போய்விட்டதாக நம் பக்கத்தில் சொல்வார்கள். வாய்க்காலை மூடிவிட்டு அதன் மேல் அவருக்கு வளைவு வைத்திருந்தால் தை 5 யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எங்கள் கோரிக்கைகளை நேராகவே சொல்கிறோம்.

கலிங்கை அடைக்கும் வேலையை இன்றே நிறுத்துங்கள். சீவிய கரையைக் களிமண் போட்டு, அரையடி அடுக்காகத் திமிசு இடித்து, கலிங்கு மட்டத்துக்கு மேல் மூன்றடி வரும்படி புரட்டாசிக்குள் உயர்த்திக் கொடுங்கள். மரம் பிடுங்கிய நாலு குழியில் இருக்கும் ஜல்லியைத் தோண்டி எடுத்துவிட்டு அங்கேயும் இதே வேலையைச் செய்ய வேண்டும். நடைபாதை வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. கரைக்கு வெளியே, காலடியில் இருந்து தள்ளி, ஊராட்சிப் பாதை ஓரத்தில் அதைப் போடலாம், நிழலும் அங்கேதான் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரைபடத்தை வைத்து, மக்கள் கேட்ட பிறகு முடிவெடுங்கள். நீர்நிலைகளைக் காக்கத்தான் 2007-இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரையைப் பலவீனமாக்கும் கட்டுமானத்துக்கு அரசுப் பணமே போவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது.

பலகையையும் மதகுக் கைப்பிடியையும் ஊருக்குள் திருப்பிக் கொடுங்கள். அலுவலகப் பூட்டுக்குள் இருந்தால் மழை ராத்திரியில் அவற்றால் பயன் இல்லை. பொறுப்பேற்க நாலு வீடு தயாராக இருக்கிறது, பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நசுங்கிய சல்லடையை ஒப்பந்தக்காரர் செலவில் சரிசெய்து தர வேண்டும். பனங்கொட்டை நடும் வேலையை நாங்கள் செய்கிறோம், அந்த வரிசையில் வண்டி ஏறாமல் கல் நட்டுக் கொடுத்தால் போதும்.

வளைவுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு சிறுபாலத்தையும் அகலப்படுத்துங்கள். அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் மதகுக் கல்லில் நீர்மட்டம் பார்க்க அவர் அடிக் கணக்குக் கோடு வரைந்திருக்கிறார், பெயிண்ட் மங்கிவிட்டது. அதைப் புதுப்பித்து, பக்கத்தில் சின்னதாக எழுதுங்கள். குடும்பம் அதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறது.

கடைசியாக நோட்டுகள். 2006-இல் இருந்து தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியில் பார்த்த மில்லிமீட்டர், குட்டையின் நீர்மட்டம், சுற்றியுள்ள ஆறு கிணற்றின் தண்ணீர் ஆழம், எந்தத் தேதியில் கரையில் எந்த இடத்தில் கசிவு கண்டது, எதைப் போட்டு அடைத்தது என்று எழுதிவைத்த ஒன்பது 192 பக்க நோட்டுகளை ‘அறிக்கை தயாரிக்க’ என்று வாங்கிப் போனீர்கள். ஐந்து மாதம் ஆகிறது. எந்த இடத்தில் கரைக்குள் பழைய வளை இருக்கிறது என்பது அவற்றில் மட்டும்தான் இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு மூல நோட்டுகளை அவர் மனைவியின் கையில் கொடுங்கள், எங்கள் கையில் வேண்டாம். அந்த அம்மா பார்த்து எங்களுக்குக் காட்டினால் போதும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். நேரில் வந்து பேச நினைத்தால் ஞாயிறு காலை ஆறு மணியில் இருந்து ஒன்பது மணிவரை கரையில் இருப்போம். ஒன்பதுக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை கரைவேலைக்கு வருகிறவர்கள்